கூலி: ஒரு சொல், பல வேர்கள்



2025இல் ரஜினி நடித்த "கூலி" படம் வந்தபோது நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், கூலி தமிழ்ச் சொல்லா, இந்திச் சொல்லா, இங்கிலீஷா?" 1983இல் அமிதாப் பச்சன் நடித்த இந்திப் படத்துக்கும் இதே பெயர்தான். அதனால் வந்த சந்தேகம். சின்னக் கேள்விதான், ஆனால் பதில் சின்னதில்லை. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் வீட்டுச் சொல்லைப் பார்ப்போம். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். ஏற்றுகூலி, இறக்குகூலி, அறுப்புக் கூலி, தையற்கூலி, நகைக்கடையில் செய்கூலி. இவை எல்லாவற்றிலும் கூலி என்பது பணமோ நெல்லோதான், ஆள் இல்லை. ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று இன்னொரு சொல்லைச் சேர்க்கிறோம். மலையாளம், கன்னடம், தெலுங்கிலும் கூலி உண்டு. அங்கும் அடிப்படைப் பொருள் ஊதியம்தான். கேரளத்தில் "நோக்குகூலி" என்று ஒன்று இருந்தது. நம் சரக்கை நாமே இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுமைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலி அது! 2018 மே 1 முதல் கேரள அரசு அதை ஒழித்தது.

இந்தச் சொல் நமக்குப் புதிதும் அல்ல. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இதே சொல்லைக் கையாண்டிருக்கிறார். தெய்வத்தால் ஆகாத காரியமானாலும், உடம்பு வருந்திய அளவுக்கு முயற்சி பலன் தரும் என்கிற குறள். அங்கே "பலன்" என்று நாம் பொருள் சொல்லும் இடத்தில் அவர் வைத்திருக்கும் சொல் கூலி. அவ்வளவு கௌரவமான இடத்தில் இருந்த சொல் இது.

இனி வடக்கே போவோம். குஜராத், மகாராஷ்டிரக் கடலோரத்தில் கோலி என்ற மக்கள் பழங்காலம் முதல் வாழ்கிறார்கள். மும்பையின் பூர்வகுடி மீனவர்கள் இவர்கள்தான். பதினாறாம் நூற்றாண்டில் மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் இவர்களோடு பழகினார்கள். இந்த இனப்பெயரே பிறகு சுமை தூக்குகிறவர்களுக்குப் பொதுப்பெயராகி, ஐரோப்பியர் வாயில் "கூலி" ஆனது என்பது ஒரு சாராரின் கருத்து. 1886இல் யூல், பர்னெல் இருவரும் வெளியிட்ட "ஹாப்சன் ஜாப்சன்" என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ இந்திய அகராதி கோலி இனப்பெயரையும் தமிழ்க் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறது.

மூன்றாவதாக ஒரு வேரும் உண்டு. துருக்கி மொழியில் "குல்" என்றால் அடிமை, ஊழியன். அது பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்தது. ஐதராபாத் நகரை 1591இல் உருவாக்கிய முகம்மது குலி குதுப்ஷாவின் பெயரில் இருக்கும் "குலி" இதுதான். முகம்மதுவின் ஊழியன் என்று பொருள். ஓர் அரசர் பெருமையோடு சூட்டிக்கொண்ட பெயர்! இந்தியில் ரயில் நிலையச் சுமைதூக்கியைக் குறிக்கும் சொல்லுக்கு இந்தத் துருக்கிச் சொல்லை மூலமாகக் காட்டும் அகராதிகள் உண்டு.

வகுப்பில் மாத்திரைக் கணக்கு நடத்தியது நினைவிருக்கிறதா? தமிழில் கூ நெடில், லி குறில். இந்தியில் எழுதும்போது கு குறில், லீ நெடில். இரண்டுக்கும் மொத்தம் மூன்று மாத்திரைதான், ஆனால் இடம் மாறிக் கிடக்கிறது. காதுக்கு ஒன்றுபோல் பட்டாலும் எழுத்து "பொறு, அவசரப்படாதே" என்று எச்சரிக்கிறது. உலகத்துச் சொல்லெல்லாம் தமிழிலிருந்தே போனது என்று தினமும் எனக்குத் தகவல் அனுப்பும் உறவினர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒலி ஒத்துப்போவது உறவுக்குச் சாட்சி ஆகாது. ஆங்கிலத்தில் வழங்கும் கூலியில் இந்த மூன்று ஓடைகளும் கலந்திருக்கலாம் என்று சொல்வதே நேர்மை. சென்னை துறைமுகத்திலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிய வெள்ளைக்காரர்கள் நம் கூலியைத் தினமும் கேட்டவர்கள் என்பதால் அந்த ஓடை பெரியது என்பது என் எண்ணம்.

சொல் கிழக்கே போனதும் சுவையான கதை. சீனர்கள் இதை "கு லி" என்று இரண்டு எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். முதல் எழுத்துக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள், இரண்டாவதற்கு வலிமை. கசந்த உழைப்பு! வெளியிலிருந்து வந்த சொல்லின் ஒலியைப் பிடித்து, பொருளையும் தங்கள் மொழியிலேயே கொடுத்துவிட்டார்கள். அந்தக் கசப்பு வெறும் அலங்காரம் இல்லை. 1847 முதல் சீனத் தொழிலாளர்கள் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1849 முதல் பெருவுக்கும் போனார்கள். அங்கே சிஞ்சா தீவுகளில் உரத்துக்காகப் பறவை எச்சத்தை வெட்டி அள்ளினார்கள்.

இந்தோனேசிய மொழியிலும் மலாயிலும் "குலி" உடலுழைப்புத் தொழிலாளி. இந்தோனேசியாவில் பத்திரிகையாளரை "குலி திந்தா", அதாவது மைக்கூலி என்பார்கள். அதே மொழியில் "குலியா" என்றால் கல்லூரி விரிவுரை. அது அரபியிலிருந்து வந்த சொல், கூலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் மொழியில் பணத்துக்குப் பெயராக இருந்த சொல், கப்பலேறியதும் மனிதனுக்குப் பெயராகிவிட்டது. எப்படி?

1833இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். 1834 முதல் மொரீசியசுக்கும், 1838 முதல் பிரிட்டிஷ் கயானாவுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும், 1879 முதல் பிஜிக்கும் இந்தியர்களை ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். "அக்ரிமெண்ட்" என்ற சொல் அவர்கள் வாயில் "கிர்மிட்" ஆனது. சென்னையிலிருந்து புறப்பட்ட "ட்ரூரோ" என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதில் பெரும் பகுதி தமிழரும் தெலுங்கரும். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங். மொரீசியசில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கும் வழக்கம் இருந்தது. கூலி என்ற பெயர் சுமத்தப்பட்டவர்களுக்குக் கூலிதான் சரியாகக் கிடைக்கவில்லை.

பிறகு அது தொழிலின் பெயராகக்கூட நிற்கவில்லை, இனத்தின் பெயராகிவிட்டது. டிரான்ஸ்வால் அரசின் 1885ஆம் ஆண்டுச் சட்டமே ஆசியர்களைக் கூலிகள், அரபுகள், மலாய்க்காரர்கள் என்று வகைப்படுத்தியது. 1893இல் டர்பனில் இறங்கிய காந்தியடிகளைக் "கூலி பாரிஸ்டர்" என்றார்கள். கடை வைத்திருந்தவர் கூலி வியாபாரி. இந்தியர்களை அழைக்க இன்னொரு சொல்லும் அங்கே இருந்தது: "சாமி". முத்துசாமி, ராமசாமி என்ற நம் பெயர்களின் வால் அது. சாமி என்றால் எஜமான் என்று பொருள், அப்படியானால் நான் உமக்கு எஜமானா என்று சாமர்த்தியமுள்ள இந்தியர் திருப்பிக் கேட்பதுண்டு என்று காந்தி தம் சுயசரிதையில் எழுதுகிறார். எஜமான் என்ற சொல்லையே வசவாக்க முடிந்தது என்றால், சொல்லின் மதிப்பு அகராதியில் மட்டும் இல்லை, சொல்கிறவன் வாயிலும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இன்றும் தென்னாப்பிரிக்காவில் இது பச்சையான இன வசைச் சொல். அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள், படத்தின் பெயர்தானே என்று பொது இடத்தில் உரக்கச் சொல்லிவிடாதீர்கள். இதன் வலி தெரிந்தவர்களே இதைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் உண்டு. மொரீசியசுக் கவிஞர் கல் தொராபுல்லி 1992இல் "கூலித்துவம்" என்ற பொருளில் ஒரு சொல்லை உருவாக்கினார். கயானா வழிவந்த கைத்ரா பகதூர் தம் கொள்ளுப்பாட்டியின் வரலாற்றைத் தேடி எழுதிய நூலுக்கு 2013இல் வைத்த பெயர் "கூலிப் பெண்". மொரீசியசில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய துறை முன்பு "கூலி காட்". இன்று அது "ஆப்ரவாசி காட்", 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

இலங்கை மலையகம் நமக்கு இன்னும் நெருக்கம். கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் போனவர்கள் தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் "கூலிகள்". அவர்கள் குடியிருந்த வரிசை வீடு "லைன்". அது தமிழில் "லயம்" ஆனது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. நாளுக்கு 1000 ரூபாய் சம்பளம் வேண்டும் என்று பல வருடம் கேட்டு, 2021இல்தான் அது கிடைத்தது.

பெயரை மாற்றினால் போதுமா? 2016 ரயில்வே பட்ஜெட்டில், ரயில் நிலையத்தில் சுமை தூக்குபவர்களை இனி "சகாயக்", அதாவது உதவியாளர் என்று அழைப்போம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மரியாதையான பெயரோடு நியாயமான கூலியும் சேர்ந்து வர வேண்டும். வெறும் பெயர் சுமையைக் குறைக்காது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் "பெற்றோர் தொழில்" என்று ஒரு கட்டம் உண்டு. என் பணிக்காலத்தில் அந்தக் கட்டத்தில் அதிகமாக எழுதிய சொல் எது என்று கேட்டால் "கூலி" என்றுதான் சொல்வேன். சில பிள்ளைகள் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர்களிடம் "இது வள்ளுவர் எழுதிய சொல்லப்பா, சத்தமாகச் சொல்லு" என்பேன். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று பொறியாளர், செவிலியர், ஆசிரியர், கடை முதலாளி. இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களிலும் இருக்கிறீர்கள். உங்களை ஆளாக்கியது அந்தக் கூலிதான். உங்கள் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியின் தொழிலை மறைக்காமல் சொல்லுங்கள். உங்களிடம் வேலை செய்கிறவருக்கு மாலையில் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

களை எடுப்பு, அறுப்பு, சித்தாள் வேலை என்று வேலைக்கு ஒரு கூலிப் பெயர் உங்கள் ஊரில் இருக்கும். பெரியவர்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். மலேசியா, இலங்கை, தென்னாப்பிரிக்காவில் உறவுள்ளவர்கள் அங்கே கேட்ட சொற்களையும் சேர்த்து எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.