மண் எமது, கல் யாருடையது?

அச்சுவேலிப் பகுதியின் பழைய காணி உறுதி ஒன்றை எடுத்து நோக்கினால், காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை என்பவற்றின் பின்னர் வான்பயிர், தான்பயிர், கிணற்றில் பங்கு, வழி, வாய்க்கால் என்று ஒரு வரிசை வருவதைக் காணலாம். இவற்றுள் நிலத்துக்குக் கீழே உள்ளதைப் பற்றிப் பேசுவது கிணற்றுப் பங்கு ஒன்றே. அந்த நீரைத் தாங்கி நிற்கும் சுண்ணாம்புக்கல் யாருக்கு உரியது என்பது பற்றி உறுதியில் ஒரு சொல்லும் இராது.

இதற்குக் காரணம் உண்டு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வலிகாமத்தின் செம்மண் போர்வைக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கற் படை. அதன் வெடிப்புகளாலும் குகைகளாலும் இறங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அச்சுவேலிக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில், மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. எனவே இங்கு காணியின் பெறுமதியைத் தீர்மானித்தது கிணறே. தகப்பனின் கிணறு பிள்ளைகளுக்குப் பங்காயிற்று. பேரப்பிள்ளைகள் காலத்தில் அரைப் பங்கு, காற் பங்கு, அரைக்காற் பங்கு என்று நுணுகிற்று. இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு என்று முறை வகுத்துக்கொண்டனர்.

யாழ்ப்பாணத்தின் வழமைகளை 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். பிரித்தானியர் 1806 இல் தேசவழமைக்குச் சட்ட வலு அளித்தனர். ஆதனத்தை விற்பவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது அவ்வழமையின் சிறப்புக் கூறு. கிணற்றுப் பங்கு அயலாரிடம் எளிதிற் போகாதிருக்க இவ்விதி துணை நின்றது.

கல்லின் கதை வேறு. நிலத்துக்கு உடையவனே அதன் கீழுள்ளதற்கும் உடையவன் என்பது இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கொள்கை. கிணறு வெட்டும்போது வெளிப்பட்ட கல் மதிலுக்கும் சூளைக்கும் போன காலத்தில் அதைப் பற்றி எவரும் வழக்காடவில்லை. 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியபோது, அதுவரை காணியின் தரையாக மட்டும் இருந்த கல் தொழிலின் மூலப்பொருளாயிற்று. கைத்தொழில் அமைச்சராக ஜீ. ஜீ. பொன்னம்பலம் இருந்த காலம் அது. தொழிற்சாலை பலருக்கு வாழ்வளித்தது என்பதை மறுக்கவியலாது. 1990 இல் போரினால் அது மூடப்பட்டது. கல் அகழ்ந்த பெருங்குழிகள் எஞ்சின.

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம் பழைய கொள்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மண்ணின்மீது எவருக்கு எவ்வுரிமை இருப்பினும், அதிலுள்ள கனிப்பொருட்களின் உடைமை குடியரசுக்கே உரியது என்று அது விதித்தது. அதன்பின் தன் சொந்தக் காணியில் வணிக நோக்கோடு கல் அகழ்பவரும் அரசின் உரிமம் பெற வேண்டியவரானார். எண்ணெய்க்கும் இதே நிலைதான். 1970களின் நடுப்பகுதியில் சோவியத் உதவியுடன் பேசாலையில் துளையிட்டுத் தேடினர். 2011 இல் மன்னார்க் கடற்படுகையில் எரிவாயு கண்டறியப்பட்டது. 2003 இன் பெற்றோலிய வளச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 2021 இன் சட்டமும் அவ்வளத்தை அரசிடமே வைத்தன.

உலகம் முழுவதும் இவ்வாறன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மேல்நிலம் ஒருவருக்கும் கீழுள்ள எண்ணெய் இன்னொருவருக்கும் உரியதாக இருக்கலாம். எண்ணெயை விற்றுவிட்டு நிலத்தில் பயிர் செய்யலாம். மலபாரின் ஜன்மி நிலங்கள் தொடர்பான வழக்கில், அடிநிலக் கனிமங்கள் நிலவுடைமையாளருக்கே உரியவை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது.

அம்முறைகளை இங்கு கொணர்ந்தால் எமது சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது. டெக்சாஸில் மண்ணையும் எண்ணெயையும் இரு உறுதிகளில் எழுதலாம். வலிகாமத்தில் கல்லையும் நீரையும் அவ்வாறு பிரித்தெழுத இயலாது; கல்தான் நீரின் பாத்திரம். ஒருவர் தம் காணியில் அளவுமீறி அகழ்ந்தால் உவர் ஏறுவது அடுத்த காணியின் கிணற்றிலாகவும் இருக்கலாம். உரிமம் தந்த அரசும், உரிமம் பெற்றவரும், கல்லுக்குச் சொந்தக்காரர் யார் என்று வாதிட்டுக்கொண்டிருக்கையில், உறுதியில் எழுதப்பட்ட கிணற்றுப் பங்கு பெறுமதியிழந்து போகும்.

சுன்னாகத்தில் இது வேறு வடிவில் நிகழ்ந்தது. அங்கு எண்ணெய் நிலத்தின் கீழிருந்து மேலே வரவில்லை. மேலிருந்து கீழே இறங்கிக் கிணறுகளிற் கலந்தது. 2015 இல் தொடரப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில், அனல்மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமென இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பளித்தது. எண்ணெய் எந்த எல்லைக்கல்லையும் கேட்டுக் கசியவில்லை.

எமது முன்னோர் நிலத்தின் கீழுள்ளதைத் தனியொருவர் சொத்தாகக் கருதவில்லை. அரசின் சொத்தாகவும் கருதவில்லை. பங்காகக் கருதினர். பங்கு என்றால் உரிமை மட்டுமன்று. முறை தவறாமையும், கிணறு தூர்ந்தால் கூடித் தூர் வாருவதும் அதில் அடங்கும். கல்லின் உடைமையைக் குடியரசு எடுத்துக்கொண்டபோது அந்தக் கடமையும் கூடவே அதன் தலையில் ஏறியது. கல் அகழ உரிமம் வழங்குமுன் அயற் கிணறுகளின் பங்காளரைக் கேட்பது அரசு காட்டும் சலுகையாகாது. அது அக்கடமையின் முதற்படியே.