மணிச்சித்ரத்தாழ் முதல் பூல் புலையா வரை: நாகவல்லி பேசிய மொழிகள்

"என்ன இருந்தாலும் ஒரிஜினல் மாதிரி வராது!"

எந்த ரீமேக் படம் வந்தாலும் இந்த வரி தவறாமல் வந்துவிடும். விமர்சகர்களும் இதையே நாலு பத்தியாக நீட்டி எழுதுவார்கள். ஷோபனாவா ஜோதிகாவா என்ற சண்டையும் அப்படிப்பட்டதுதான். கண்ணை ஒப்பிடுவார்கள், நடனத்தை ஒப்பிடுவார்கள், மேக்கப்பைக் கூட ஒப்பிடுவார்கள். ஆனால் இந்தக் கதையின் உயிர் இருப்பது மொழியில்.

1993 டிசம்பரில் வந்தது 'மணிச்சித்ரத்தாழ்'. கதை மது முட்டம், இயக்கம் பாசில். மலையாளம் பேசும் கங்கா, திடீரென்று தஞ்சாவூர் நாட்டியக்காரி நாகவல்லியாக மாறித் தமிழ் பேசுகிறாள். கேரளத்து ரசிகருக்குத் தமிழ் கொஞ்சம் புரியும், ஆனால் வீட்டுமொழி இல்லை. மனைவி வாயிலிருந்து பக்கத்து ஊர் மொழி வருகிறதே என்பதுதான் அங்கே பயம். பேய் எதையும் காட்டாமலே பயமுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஷோபனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் குரல் அவருடையது இல்லை. டப்பிங் கலைஞர் பாக்யலட்சுமியின் குரல் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். நாகவல்லியின் தமிழைப் பேசியவர் துர்கா என்ற டப்பிங் கலைஞர் என்று 2016ல் பாசில் எழுதினார். அதாவது படம் வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

அடுத்து கன்னடம். 2004ல் பி.வாசு இயக்கிய 'ஆப்தமித்ரா'. விஷ்ணுவர்தன் ஹீரோ. இங்கே நாகவல்லி தெலுங்கு பேசினாள். நடித்த சௌந்தர்யா கர்நாடகத்தில் பிறந்து, தெலுங்கில் பெரிய நட்சத்திரமானவர். இரண்டு மொழியும் அவருக்குச் சொந்தம். ஆனால் ஏப்ரல் 2004ல் விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். அந்த வருஷம் ஆகஸ்டில் படம் வெளியானபோது கிடைத்த பாராட்டைக் கேட்க அவர் இல்லை.

2005 ஏப்ரல் 14ல் 'சந்திரமுகி'. அதே பி.வாசு. 2002ல் 'பாபா' தோற்ற பிறகு ரஜினிக்கு வந்த படம். எனவே கணக்கு மாறியது. மலையாளத்தில் மோகன்லால் படம் பாதியை நெருங்கும்போதுதான் வருவார். ரஜினியை அவ்வளவு நேரம் காக்க வைக்க முடியுமா? முதலிலேயே சண்டை, பாட்டு, எல்லாம் உண்டு. முதல் போட்டவர்கள் பார்வையில் அது சரியான முடிவு. சென்னை சாந்தி தியேட்டரில் படம் 800 நாளுக்கு மேல் ஓடியது.

ஆனால் இவ்வளவு மாற்றியவர்கள் ஒன்றை மாற்றவில்லை. தமிழ்ப் படத்தில் பேய் தமிழ் பேசினால் என்ன வித்தியாசம்? அதனால் சந்திரமுகி ஆந்திராவிலிருந்து வந்து தெலுங்கு பேசினாள். மும்பையில் வளர்ந்த ஜோதிகாவுக்குத் தமிழும் தாய்மொழி இல்லை, தெலுங்கும் இல்லை. இரண்டு அந்நிய மொழிகளுக்கு நடுவே நின்று அவர் முகத்தாலேயே மாறிக் காட்டினார். ஷோபனாவோடு ஒப்பிட்டு மார்க் போட்டவர்கள் இதையும் கணக்கில் எடுத்திருக்கலாம்.

2007ல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தார். இவர் மணிச்சித்ரத்தாழிலேயே இரண்டாம் யூனிட் இயக்குநராக வேலை செய்தவர். இந்தி பேசும் அவனியாகவும் வங்காளி பேசும் மஞ்சுலிகாவாகவும் வித்யா பாலன் நடித்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். ஆனால் திரையில் அவருடைய முதல் படம் 2003ல் வந்த வங்காளிப் படம்!

மொத்தத்தில் மலையாளத்துக்குத் தமிழ், கன்னடத்துக்கும் தமிழுக்கும் தெலுங்கு, இந்திக்கு வங்காளி. ஒவ்வொரு ஊரிலும் பேய் பக்கத்து ஊர்க்காரிதான். நமக்குப் பழக்கமான, ஆனால் நம்முடையது அல்லாத ஒரு குரல்.

காட்சிக்குக் காட்சி காப்பி அடித்தாலும் ரீமேக் தோற்கலாம். ஹீரோவையே மாற்றி எழுதினாலும் ஜெயிக்கலாம். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். யார் நன்றாக நடித்தார் என்று சண்டை போடுவதற்கு முன், அந்த நாலு நடிகைகளுக்கும் கிடைத்த பரீட்சைத்தாள் ஒன்றா என்று பார்ப்பதுதான் நியாயம். இந்தப் படங்களை அடுத்த முறை டிவியில் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுப் பாருங்கள். மொழி மாறும் அந்த நொடி தெரியும்.