கொத்து வரிசையும் கூடும்: முள்ளியவளை வளவுக்கோழிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முல்லைத்தீவு மாவட்டத்தில் 2009 இற்குப் பின்னரான மீள்குடியேற்றத்தின்போது வழங்கப்பட்ட வாழ்வாதார உதவிகளுள் கோழியும் ஒன்று. கூடு, தீன், தடுப்பூசி பற்றியெல்லாம் பேசுகிறோம். கோழிகளுக்கிடையிலான உறவைப் பற்றிப் பேசுவது அரிது. முள்ளியவளை வளவொன்றில் ஒரு பேடு இன்னொன்றைக் குருதி வரக் கொத்தினால், ‘பொல்லாத பேடு’ என்று பெயர் சூட்டிக் கறிச்சட்டிக்கு அனுப்பிவிடுவது எளிது. பிழை பெரும்பாலும் பேட்டில் இல்லை, கோழிகளைச் சேர்த்த முறையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோர்வே விலங்கியலாளர் ஷெல்டரூப் எபே சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்து வந்தவர். எது எதைக் கொத்துகிறது, எது திருப்பிக் கொத்தாமல் விலகுகிறது என்று சோடி சோடியாகப் பதிந்து, 1922 இல் ஜெர்மன் மொழியில் கோழிகளின் அதிகாரப் படிநிலையான கொத்து வரிசையை விளக்கினார். அவ்வரிசை எப்போதும் நேராக அமைவதில்லை. மூன்றாம் பேடு முதலாம் பேட்டையே கொத்தும் விசித்திரமும் உண்டு. வரிசை நிலைபெற்றதும் சண்டை தணியும். தலைவி ஓர் அடி முன்வைத்தால் மற்றது ஒதுங்கும், அவ்வளவுதான். ஆகவே வரிசையை ஒழிக்க முயல்வது வீண். அது குலையும் வேளைகளே ஆபத்தானவை.

ஊர்க்கோழி வளர்ப்பில் அத்தகைய வேளைகள் குறைவு. குஞ்சுகள் தாயோடு கரப்பிலும் முற்றத்திலும் ஒன்றாக வளர்கின்றன. கறையான் புற்றை வெட்டி வந்து முற்றத்தில் தட்டிவிட்டால் தாய் கொக்கரித்து அழைக்கும். குஞ்சுகள் மண்கட்டியைக் கிளறிக் கிளறிப் பொறுக்கும். புரதமும் கிடைக்கிறது, அலகுக்கு வேலையும் கிடைக்கிறது. துரத்தப்படும் இளம்பேடு வேலியோரப் பற்றைக்குள் புகுந்து தப்பிவிடும். வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த, வயது ஒவ்வாத கோழிகளைக் கம்பிவலைக் கூட்டில் ஒரே தீன்தட்டோடு அடைக்கும்போது இவை எதற்கும் இடமில்லை.

ஒரு வேறுபாட்டையும் இங்கு சொல்ல வேண்டும். தலையிலும் கொண்டையிலும் விழும் கொத்து வரிசைக்குரியது. முதுகிலும் வாலடியிலும் இறகு பிடுங்குவது அதிகாரப் போட்டியே அல்ல. நிலம் கிளற வழியற்ற அலகு அடுத்த கோழியின் இறகைக் கிளறுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர் புளொக்குயிஸ் 1980களில் விளக்கினார். நெருக்கமும் புரதமோ உப்போ குறைந்த தீனும் இதை வளர்க்கும். அலகு நுனியை வெட்டினால் காயம் குறையும்; காரணம் அப்படியே இருக்கும்.

கீரியும் மரநாயும் திரியும் ஊரில், மரக்கறிப் பாத்தி உள்ள வளவில், கோழியை அடைத்தே வளர்க்க வேண்டியிருக்கிறது என்பது நியாயமான மறுப்பு. அடைப்பதை நான் குறை கூறவில்லை. அடைத்த கூட்டிலும் தீனையும் தண்ணீரையும் இரண்டு மூன்று மூலைகளில் பிரித்து வைக்கலாம். உமியோ சருகோ பரப்பிக் கிளறவிடலாம். மறைவுக்கு ஒரு கிடுகைச் சாய்த்துவிடலாம். புதியவற்றை ஒவ்வொன்றாகத் தனியே விடாமல், சில நாள் வலைக்கு அப்பால் பார்க்கப் பழக்கி, இரண்டு மூன்றாகச் சேர்க்க வேண்டும். காயப்பட்டதை உடனே பிரிக்க வேண்டும். குருதியைக் கண்டால் மற்றவையும் கொத்தத் தொடங்கும். ஓயாத கொடுமைக்காரியைச் சில நாள் அப்புறப்படுத்தித் திரும்ப விட்டால், அவள் பெரும்பாலும் பழைய இடத்தை இழந்திருப்பாள்.

வாழ்வாதாரத் திட்டம் வகுப்போர் ஒரே வயதில் ஒன்றாக வளர்ந்த கோழிகளையே ஒரு வீட்டுக்கு வழங்கட்டும். கூட்டோடு இரண்டாவது தீன்தட்டையும் கொடுக்கட்டும்.