நுழைவு அட்டையும் நடப்பு நொடியும்: சுயேச்சை விளையாட்டு வலைப்பதிவர்களின் ஊடக அனுமதி

விளையாட்டுப் போட்டிக்கான ஊடக அடையாள அட்டை, தொடக்கத்தில் வெறும் இருக்கைப் பங்கீட்டு ஏற்பாடு. செய்தியாளர் மாடத்தில் இடம் குறைவு, கேட்பவர் அதிகம். அதனால் நாளிதழ்களுக்கும் செய்தி முகமைகளுக்கும் அளந்து கொடுத்தார்கள். ஒளிபரப்பு உரிமை பெருந்தொகைக்கு விலைபோகத் தொடங்கிய பிறகு அதே அட்டையோடு நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டன. எத்தனை படம் வெளியிடலாம், ஆட்டம் முடியுமுன் எவ்வளவு எழுதலாம் என்பதெல்லாம் அதில் ஏறின. சுயேச்சை வலைப்பதிவர் வாயிலில் தடுக்கப்படும்போது, ‘இவர் செய்தியாளர்தானா?’ என்றே விவாதம் எழுகிறது. தடையின் வேர் அந்தக் கேள்வியில் இல்லை. ஆட்டத்தின் நடப்பு நொடி யாருடைய சொத்து என்ற தகராறே அதன் வேர்.

இதற்குத் தெளிவான சான்று, வலைப்பதிவர் என்ற பெயரே பொருந்தாத ஒருவரிடமிருந்து கிடைக்கிறது. 2007 ஜூனில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் நடந்த கல்லூரி பேஸ்பால் போட்டியிலிருந்து பிரையன் பென்னட் வெளியேற்றப்பட்டார். அவர் ‘கூரியர்-ஜர்னல்’ நாளிதழின் ஊதியம் பெறும் செய்தியாளர். முறையான அட்டையும் வைத்திருந்தார். மாடத்தில் உட்கார்ந்தபடி ஆட்டத்தின் போக்கை உடனுக்குடன் இணையத்தில் எழுதியதே குற்றம். அதே ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் வீட்டிலிருந்து எவ்வளவு எழுதியிருந்தாலும் கேட்க ஆளில்லை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ பின்னர் விதியைச் சற்றுத் தளர்த்தியது: பேஸ்பாலில் ஒரு இன்னிங்ஸுக்கு ஒரு பதிவு, அமெரிக்கக் கால்பந்தில் கால் பகுதிக்கு மூன்று. எழுத்துக்கே ரேஷன் அட்டை போட்ட கதை இது.

நீதிமன்றங்கள் ஸ்கோரை யாருக்கும் சொந்தமாக்கித் தரவில்லை. பேஜர் போன்ற கருவியில் கூடைப்பந்து ஸ்கோரை அனுப்பிய மோட்டோரோலா மீது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ தொடுத்த வழக்கில், 1997இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கருவியின் பக்கம் நின்றது. தகவல் திரட்டியவர்கள் தொலைக்காட்சி பார்த்தும் வானொலி கேட்டுமே குறித்தார்கள் என்பது அங்கே முக்கியமாயிற்று. சென்னை உயர் நீதிமன்றமும் 2006இல், இந்திய அணியின் பாகிஸ்தான் பயணத்து ஸ்கோரைக் குறுஞ்செய்தியில் அனுப்பத் தனக்கே உரிமை என்று ஒரு நிறுவனம் கோரியபோது தடையுத்தரவு தர மறுத்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2013 மார்ச்சில் தனி நீதிபதி 15 நிமிடத் தாமதத்துக்குப் பிறகே பிறர் ஸ்கோர் தரலாம் என்றார். ஆகஸ்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளியது. விவகாரம் பிறகு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

ஆனால் செய்தி பொதுச்சொத்தாக இருப்பது ஒன்று, அதைத் திரட்டும் இடத்துக்குள் போக முடிவது வேறொன்று. கோல்ஃபில் இந்த வேறுபாடு பளிச்செனத் தெரியும். பரந்த மைதானத்தில் 18 குழிகளிலும் ஒரே சமயத்தில் ஆட்டம் நடக்கிறது. ஒரு மனிதனால் எல்லாவற்றையும் பார்க்க இயலாது. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் தன்னார்வலர்களை ஒவ்வொரு குழுவின் பின்னும் அனுப்பி ஸ்கோரைத் தொகுத்து ஊடக மையத்தில் காட்டுகிறது. மோரிஸ் நாளிதழ் குழுமம் அதை எடுத்துப் பிறருக்கு விற்க முயன்றபோது, 2004இல் தீர்ப்பு டூரின் பக்கம் போயிற்று. கிரிக்கெட்டில் நிலைமை அப்படியில்லை. 1993இல் பிறந்த கிரிக்இன்ஃபோ இணையதளம் பல நாட்டு ரசிகர்கள் சம்பளமின்றித் தட்டச்சு செய்ததால் வளர்ந்தது. அவர்களுக்கு மாடத்தில் இருக்கை தேவைப்படவில்லை. ஆகவே அனுமதியின் மதிப்பு விளையாட்டுக்கு விளையாட்டு மாறும்.

கதவு எங்கே திறந்தது என்று பார்ப்பதும் பயன் தரும். 2007இல் நியூயார்க் ஐலேண்டர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி வலைப்பதிவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. பெருநகர நாளிதழ்களின் கவனத்துக்காகப் பல அணிகள் போட்டியிடும் ஊரில் அது பின்வரிசை அணி; அதற்கு எழுதுபவர் தேவைப்பட்டனர். கவனம் குவிந்து கிடக்கும் இடத்தில் நேர்மாறு நடந்தது. 2008இல் ஐபிஎல் முதல் பருவம் தொடங்கியபோது, படங்களை இணையதளங்களுக்கு வழங்குவதற்குப் போடப்பட்ட கட்டுப்பாடுகளை எதிர்த்துப் பன்னாட்டுச் செய்தி முகமைகள் போட்டிகளைப் புறக்கணித்தன. 2012இல் இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது கெட்டி என்ற பட நிறுவனத்தின் புகைப்படக்காரர்களுக்கு இந்திய கிரிக்கெட் வாரியம் அனுமதி மறுத்தது. ராய்ட்டர்ஸ் உள்ளிட்ட முகமைகளும் படம் எடுக்காமல் விலகின. முகமைகளுக்கே இந்த நிலை என்றால், தனி ஆளின் விண்ணப்பம் எந்தக் கோப்பில் கிடக்கும் என்று யூகிக்கலாம்.

தகுதி என்ற பெயரில் வரும் அளவுகோல்களும் ஐயத்துக்குரியவையே. 2008 மார்ச்சில் என்பிஏ அணியான டல்லாஸ் மாவெரிக்ஸின் உரிமையாளர் மார்க் கியூபன் வலைப்பதிவர்களை வீரர்களின் அறையிலிருந்து விலக்கினார். அதில் அடிபட்டவர் ஒரு நாளிதழுக்காக வலைப்பதிவு எழுதியவர். என்பிஏ தலையிட்டதும் கியூபன் மறுகோடிக்குப் போய், எல்லா வலைப்பதிவர்களும் வரலாம் என்றார். அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் 2007 டிசம்பரில் முதன்முறையாக இணைய எழுத்தாளர்களைச் சேர்த்தபோது, ராப் நெயர், கீத் லா இருவரை மட்டும் ஒதுக்கியது. மைதானத்துக்கு நேரில் போகும் தேவை அவர்களுக்குக் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். அடுத்த ஆண்டே இருவரும் சேர்க்கப்பட்டனர். புள்ளிவிவர ஆய்வு எழுதுபவருக்கு உடை மாற்றும் அறை வாசலில் நிற்பதால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அதை அவரே தீர்மானிக்கட்டும்.

அனுமதியே வேண்டாம் என்ற தரப்பும் உண்டு. 2005இல் வில் லீட்ச் தொடங்கிய ‘டெட்ஸ்பின்’ தளம், உள்நுழைவு இல்லாததைத் தன் அடையாளமாகவே அறிவித்துக்கொண்டது. உள்ளே போனவர் அடுத்த முறையும் உள்ளே போக வேண்டுமே என்று எழுத்தை மெதுவாக்குவார் என்பது அத்தரப்பின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. எனினும் பயிற்சியாளரிடம் முகத்துக்கு நேரே கேட்கும் கேள்விக்கு வெளியே மாற்று இல்லை. வெளியே நின்று விமர்சிக்கலாம். கேள்வி கேட்க உள்ளே இருந்தாக வேண்டும்.

உள்ளே எல்லோருக்கும் இடம் கிடையாது. எனவே வழக்காடத்தக்க பகுதி, மறுப்பு எப்படி நிகழ்கிறது என்பது. 1977இல் அமெரிக்க பேஸ்பாலின் உலகத் தொடரின்போது மெலிஸா லட்கி என்ற பெண் செய்தியாளர் வீரர்களின் அறைக்குள் விடப்படவில்லை. அடுத்த ஆண்டு நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆட்டம் நடந்த யாங்கி ஸ்டேடியம் நியூயார்க் நகராட்சிக்குச் சொந்தமானது என்பது தீர்ப்பைத் தாங்கிய தூண்களில் ஒன்று. வெள்ளை மாளிகை அட்டை தொடர்பான 1977ஆம் ஆண்டு ஷெரில் வழக்கில், மறுப்புக்கான அளவுகோலை வெளிப்படுத்தவும் காரணம் சொல்லவும் வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் ஜீ டெலிஃபிலிம்ஸ் தீர்ப்பு, கிரிக்கெட் வாரியம் அரசு அல்ல என்றது. ஆனால் அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் அதற்கெதிராக ரிட் தொடுக்கும் வழியைத் திறந்தே வைத்தது. வாரியத்தின் பணிகள் பொதுப்பணியின் தன்மை உடையவை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. இத்தகைய அமைப்பு இருக்கை இல்லை என்று சொன்னால், எத்தனை இருக்கை, யாருக்கு, எந்த வரிசையில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விண்ணப்பதாரர் கடந்த பருவத்தில் எத்தனை ஆட்டங்களைப் பற்றி எழுதினார், தவறுகளைத் திருத்தினாரா, பந்தய நிறுவனத்தோடு தொடர்புண்டா போன்றவற்றை அளவுகோலாக்கலாம். முதலாளி யார் என்பதும், எழுத்து வாரியத்துக்குப் பிடித்ததா என்பதும் அந்தப் பட்டியலில் வரக் கூடாதவை.