1688-ல் வந்த ஒரு பாடப் புத்தகம்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், ஆப்ஷன் டிரேடிங் பத்தி ரெண்டு புத்தகம் படிச்சுட்டேன். பி.எஃப். பணத்துல கொஞ்சம் எடுத்து இறங்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்றான். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தான் வரும். அவனிடம் சொன்னதை உங்கள் எல்லோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

பங்குச் சந்தையைப் பற்றிய மிகப் பழைய புத்தகம் 1688-ல் ஆம்ஸ்டர்டாமில், ஸ்பானிய மொழியில் வந்தது. எழுதியவர் ஜோசஃப் டி லா வேகா. ஒரு தத்துவ ஞானி, ஒரு வியாபாரி, ஒரு பங்குக்காரர் ஆகிய மூவரும் பேசிக்கொள்வதுபோல நான்கு உரையாடல்கள். விவரம் தெரியாத இருவருக்குப் பங்குக்காரர் பாடம் சொல்கிறார். புத்தகத்தின் தலைப்புக்கு என்ன பொருள் தெரியுமா? 'குழப்பங்களின் குழப்பம்'! கற்றுக்கொடுக்க வந்தவரே அப்படித்தான் பெயர் வைத்தார்.

அங்கே கைமாறியது யாருடைய பங்கு? 1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு. வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? பழவேற்காட்டில் கோட்டை கட்டி, 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்த அதே கம்பெனிதான். நம் கரையில் துணி கப்பலேறியது. அந்த லாபத்தை நம்பி ஆம்ஸ்டர்டாமில் பங்கு விலை ஏறி இறங்கியது.

ஆப்ஷனும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. லத்தீனில் 'ஆப்டியோ' என்றால் விருப்பத் தேர்வு. அந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று அவரே விளக்குகிறார். நம் ஊர் வழக்கில் சொன்னால், நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி. குறித்த நாளுக்குள் விலை ஏறினால் பேசிய விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இறங்கினால் அட்வான்ஸ் மட்டும் போகும். ஆனால் அட்வான்ஸ் வாங்கியவர் கதை வேறு. விலை எங்கே போனாலும் அவர் பேசிய விலைக்கே கொடுத்தாக வேண்டும். அவருடைய நஷ்டத்துக்கு எல்லை கிடையாது. வாங்குகிறவர் நஷ்டம் சிறிதுதான், ஆனால் நாள் ஓட ஓட அந்த அட்வான்ஸின் மதிப்பு கரைகிறது. சிறிய நஷ்டமே திரும்பத் திரும்ப வந்தால் பெரிய தொகையாகிவிடும்.

டி லா வேகா சில விதிகளும் தருகிறார். வாங்கு, விற்றுவிடு என்று யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது என்பது ஒன்று. (அதனால் நானும் சொல்லவில்லை!) ஜெயிக்க நினைப்பவனுக்குப் பொறுமையும் பணமும் வேண்டும் என்பது இன்னொன்று. அதே 1688-லேயே ஆம்ஸ்டர்டாம் சந்தை சரிந்தது.

பிறகு 1734-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இந்த வியாபாரத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1860-ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1973 ஏப்ரல் 26 அன்று சிகாகோவில் ஆப்ஷனுக்கென்றே ஒரு சந்தை திறந்தார்கள். அதே ஆண்டு பிளாக், ஷோல்ஸ் இருவரும் ஆப்ஷனுக்கு விலை கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். நம் நாட்டுக்கு 2001 ஜூனில் வந்தது.

இப்போது நிலைமை என்ன? 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

புத்தகம் வேண்டாம் என்று ஒரு வாத்தியார் சொல்வேனா? படியுங்கள். கால், புட், பிரீமியம் எல்லாம் புத்தகத்தில் புரியும். ஆனால் டி லா வேகா கேட்ட பொறுமையையும், போனால் போகட்டும் என்று விடக்கூடிய பணத்தையும் எந்தப் புத்தகமும் தராது. பி.எஃப். பணம் அப்படிப்பட்ட பணம் இல்லை.

அவனிடம் சொன்னது இதுதான்: "தம்பி, ஒரு நோட்டு வாங்கு. ஆறு மாசம் பணம் போடாம, போட்ட மாதிரி தினமும் விலையை எழுது. தோத்ததையும் மறைக்காம எழுது. அப்புறம் என்கிட்ட வா."

ஏற்கெனவே இழந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே வேண்டுகோள். விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்காதீர்கள், வீட்டில் மறைக்காதீர்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் எனக்குப் போன் செய்யுங்கள். திட்ட மாட்டேன்.