குடியை வென்ற கூட்டங்கள்

மதுவைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நாம் சட்டத்தைப் பற்றியும், வரியைப் பற்றியும், தவறணைகளைப் பற்றியும் பேசுகின்றோம். ஏற்கெனவே குடிக்கு அடிமையாகி, விடுபட விரும்பியும் வழியறியாது தவிப்பவன் எங்கே போவான், யாரை நாடுவான் என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. அவ்வினாவுக்கு வரலாற்றிற் பயனுள்ள விடை கண்டவர்களுள் முக்கியமானோர் குடியரே என்பது சிந்திக்கத்தக்கது.

1845 இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த எங்கெல்ஸ், குடியைத் தனிமனிதனின் ஒழுக்கக்கேடாக மட்டும் கொள்ளவில்லை. ஓய்வற்ற உழைப்பும் இருண்ட குடியிருப்பும் தொழிலாளியைத் தவறணைக்குத் துரத்தின என்று காட்டினார். ஆனால் அக்காலத்து மதுவொழிப்பாளர் பலரின் நோக்கு வேறு. 1826 இல் பொஸ்டன் நகரில் மதகுருமார் முன்னின்று அமைத்த அமெரிக்க மதுவொழிப்புச் சங்கம், குடியாதவர்களைக் குடியாதிருக்கச் செய்வதையே தன் பணியாகக் கொண்டது. குடியில் மூழ்கியவன் கைவிடப்பட்டான்.

கைவிடப்பட்டவர்கள் தம்மைத் தாமே மீட்க முயன்ற கதை 1840 ஏப்ரிலில், போல்ற்றிமோர் நகரத் தவறணையொன்றிலே தொடங்குகிறது. தையற்காரர் ஒருவர், தச்சர் ஒருவர், கொல்லர் இருவர், வண்டி செய்பவர் ஒருவர், வெள்ளி வேலை செய்பவர் ஒருவர் என அறுவர் அங்கே கூடிக் குடிப்பது வழக்கம். மதுவொழிப்புச் சொற்பொழிவொன்றை அவர்களுட் சிலர் கேட்டு வந்ததைத் தொடர்ந்து, அறுவரும் இனிக் குடிப்பதில்லை என உறுதி எழுதிக் கையொப்பமிட்டனர். ‘வாஷிங்டன் சங்கம்’ பிறந்தது. கிழமைதோறும் கூடினர், சொற்பொழிவாளரை அழையாது, ஒவ்வொருவரும் தம் கதையைத் தாமே கூறினர், புதிய குடியர்களைத் தேடி அழைத்து வந்தனர். சில ஆண்டுகளுள் இவ்வியக்கம் நாடெங்கும் பரந்தது. பெண்களும் தமக்கெனச் சங்கங்களை அமைத்தனர். 1842 பெப்ரவரி 22 இல் ஸ்பிரிங்பீல்ட் நகரச் சங்கத்திலே பேசிய ஆபிரகாம் லிங்கன், குடியரை இகழ்ந்து திருத்த முயன்ற பழைய முறையைக் கண்டித்து, தோழமையோடு அணுகிய இம்முறையைப் பாராட்டினார்.

ஆயினும் பத்தாண்டு கழியுமுன்னரே சங்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. மதுவிலக்குச் சட்டப் பூசலும் மதப் பூசலும் அதனுட் புகுந்தன. மேடைப் பேச்சாளர் புகழ் பெற்றனர். கதை கூறுவது காட்சியாகியது. குடியனுக்குக் குடியன் துணை என்ற அடிப்படை தளர்ந்தபோது அமைப்பும் தளர்ந்தது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் அவ்வடிப்படை மீண்டும் உயிர் பெற்ற இடம் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரம். மலாயாவிலும் இலங்கையிலும் தமிழ்த் தொழிலாளர் பால்வெட்டிய இறப்பர், உலகச் சந்தையூடாகச் சென்றடைந்த பெரிய ஆலை நகரங்களுள் அதுவும் ஒன்று. 1935 மே மாதம் வியாபாரப் பூசலொன்றின் பொருட்டு அங்கு வந்த நியூயோர்க் பங்குத் தரகர் பில் வில்ஸன் தோல்வியுற்றுத் தனித்து நின்றார். அவர் குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. விடுதியின் ஒரு புறம் மதுச்சாலை. மறுபுறம் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும். இன்னொரு குடியனோடு பேசினாலன்றித் தாம் தப்ப முடியாது என உணர்ந்த அவர், மதகுரு ஒருவரை அழைத்தார். அத்தொடர்பு வழியாக, குட்இயர் ஆலை நிறுவனரின் மருமகளான ஹென்றியெற்றா சைபர்லிங் என்பவரை அடைந்தார். மே 12 ஆந் திகதி அவருடைய இல்லத்திலே டொக்டர் ரொபேட் ஸ்மித் என்ற அறுவை வைத்தியரைச் சந்தித்தார். பதினைந்து நிமிடமே இருப்பதாக எண்ணி வந்த வைத்தியர் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். அறிவுரை அவர் நிறையக் கேட்டவர். தம்மிடமே உதவி வேண்டி வந்த குடியரை அன்றுதான் கண்டார். அவர் இறுதியாகக் குடித்த நாளெனக் கருதப்படும் ஜூன் 10, ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ என்ற சங்கத்தின் பிறந்த நாளாயிற்று.

இச்சங்கம் ஒரு கிறித்தவச் சமய இயக்கத்தின் சாயலோடு வளர்ந்ததென்பதை மறைப்பதற்கில்லை. 1939 இல் அதன் நூல் வெளிவந்தது. 1941 மார்ச்சில் ‘சற்றர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் வந்த கட்டுரையொன்று, சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினரை அவ்வாண்டு முடிவுக்குள் 8,000 ஆக்கியது. அதற்கு முன்னர், உதவி வேண்டி நாடப்பட்ட ரொக்பெல்லர், பணம் இவ்வியக்கத்தைக் கெடுத்துவிடும் என்று கூறிச் சிறுதொகையே அளித்திருந்தார். கோடீசுவரரின் வாயிற் பிறந்த அவ்வுண்மையை உறுப்பினர் அவரினும் மேலாகப் பின்பற்றினர். 1950 இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்றுக்கொண்ட மரபுகளின்படி, வெளியார் பணத்தை மறுத்தனர். வெளிப்பிரச்சினைகளிற் கருத்துக் கூறுவதைத் தவிர்த்தனர். வெளியுலகுக்குப் பெயர் கூறாதிருந்தனர். தலைவர் ஆள்பவரல்லர், தொண்டரே என்றனர். வாஷிங்டன் சங்கத்தை வீழ்த்திய வாயில்களெல்லாம் இவற்றால் அடைக்கப்பட்டன. 1951 இல் குடியரின் குடும்பத்தாருக்கெனத் தனிச் சங்கமும் எழுந்தது.

இம்முறை அனைவருக்கும் ஏற்ற மருந்தன்று. நெடுநாட் பெருங்குடியைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அங்கு வைத்தியர் இன்றியமையாதவர். எனினும் 27 ஆய்வுகளில் 10,565 பேரின் நிலையைத் தொகுத்து 2020 இல் வெளிவந்த மதிப்பீடு, முற்றாகக் குடியை விடச் செய்வதில் இவ்வழி ஏனைய சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று என்றும், சிலவற்றினும் மேலானதென்றும் கண்டது.

நம்மிடையே இருவகைக் குரல்கள் ஒலிக்கின்றன. குடியன் ஒழுக்கங்கெட்டவன் என்பது ஒன்று. சமுதாயம் மாறினால் குடியும் மாறும், அதுவரை செய்வதற்கொன்றுமில்லை என்பது மற்றொன்று. முன்னது கொடுமை, பின்னது சோம்பல். சாராயக் குத்தகையாற் கருவூலம் நிரப்பிய குடியேற்ற ஆட்சியை எதிர்த்து, 1912 இல் இந்நாட்டில் எழுந்த மதுவொழிப்புக் கிளர்ச்சி வரலாற்றுக் கடமையே. மதுவால் இலாபம் பெறுவோரை எதிர்த்தல் இன்றும் கடமையே. ஆனால் நம் மாணவனின் தந்தை அப்போராட்டம் முடியும்வரை காத்திருக்க இயலாது. இலங்கையிலும் இத்தகைய கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவை எங்கே, எந்நாளிற் கூடுகின்றன என்பதை அறிந்து வைத்திருப்பதும், கேட்பவனுக்கு இகழாது எடுத்துரைப்பதும், தனியே செல்லத் தயங்குபவனோடு வாயில்வரை நடந்து செல்வதும் ஆசிரியர் செய்யத்தக்க பணிகள். போல்ற்றிமோரின் ஆறு தொழிலாளர் தொடங்கி வைத்ததும் இதுவே.