லெசோத்தோ: மலை காத்த அரசு, பறிபோன வயல்கள்

நாற்புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட லெசோத்தோ, ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு நாடு. அதன் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்க, கிழக்கிலுள்ள மலைகள் 3,482 மீட்டர் வரை எழுகின்றன. உழவுக்கேற்ற நிலம் பெரும்பாலும் மேற்கெல்லையை ஒட்டிய குறுகிய பட்டையில்தான் உள்ளது. அப்பட்டை அவ்வளவு குறுகிப்போனதற்கு இயற்கையைக் காட்டிலும் 19-ஆம் நூற்றாண்டு அரசியலே காரணம் எனலாம்.

1820-களில் இப்பகுதியெங்கும் போரும் பஞ்சமும் மக்களைச் சிதறடித்தபோது, மொஷ்வேஷ்வே என்னும் இளந்தலைவர் 1824-இல் தபா போசியு என்ற தட்டையான உச்சியுடைய மணற்பாறைக் குன்றில் அரண் அமைத்து, அடைக்கலம் தேடி வந்த பல குலத்தாரையும் ஏற்றுக்கொண்டார். லெசோத்தோவின் மக்களான பசோத்தோக்களிடையே வழங்கிய 'மாஃபிசா' என்னும் முறை இதற்குப் பெரிதும் கைகொடுத்தது: தலைவர் மாடுகளை ஏழைக் குடும்பத்தாரிடம் வளர்க்க ஒப்படைப்பார், பாலை அவர்கள் துய்க்கலாம், ஆனால் மாடுகளின் உரிமை தலைவரிடமே இருக்கும். அகதிக்குப் பிழைப்பும் தலைவருக்கு விசுவாசமான குடியும் ஒருங்கே கிடைத்த இந்த ஏற்பாட்டை வெறும் ஈகை என்று கொள்வது பிழை.

டச்சு வழிவந்த போயர் குடியேறிகள் நிறுவிய ஆரஞ்சு சுதந்திர நாட்டுடன் 1858-இலும், மீண்டும் 1865 முதலும் போர்கள் மூண்டன. தபா போசியுவை எதிரிகளால் கைப்பற்ற முடியவில்லை. ஆயினும் அவர்கள் கீழேயிருந்த பயிர்களை அழித்து, மாடுகளைக் கவர்ந்து சென்றதால், மொஷ்வேஷ்வே பிரிட்டனின் பாதுகாப்பை நாட, 1868 மார்ச் 12 அன்று அது அறிவிக்கப்பட்டது. நாடு பிழைத்தது. எனினும் மறு ஆண்டின் அலிவால் நார்த் உடன்படிக்கை, கலெடன் ஆற்றுக்கு மேற்கிலிருந்த வளமான வயல்களைப் போயர்களுக்கே விட்டுக்கொடுத்தது.

1871-இல் பிரிட்டனின் கேப் குடியேற்ற நாட்டுடன் இணைக்கப்பட்ட பசோத்தோக்கள், தங்கள் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி பிறந்த ஆணையை எதிர்த்து 1880-81-இல் போரிட்டு, 1884-இல் பிரிட்டிஷ் முடியின் நேரடி ஆட்சிக்குள் வந்தனர். 1910-இல் உருவான தென்னாப்பிரிக்க ஒன்றியத்தில் லெசோத்தோ சேராமல் நின்று, 1966 அக்டோபர் 4 அன்று விடுதலை பெற்றதற்கு இதுவே வழிவகுத்தது. ஆனால் நிலம் போதாமையால் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர்; 1986 ஒப்பந்தத்தின்படி மலைநீரும் 185 மீட்டர் உயரமுள்ள கட்சே அணையில் தேக்கப்பட்டு, சுரங்கக் குழாய்கள் வழியே அந்நாட்டுக்கே விற்கப்படுகிறது. கலெடன் ஆற்றுக்கு அப்பாலுள்ள நிலங்களை மீட்கக் கோரும் தீர்மானம் ஒன்று 2023-இல்கூட லெசோத்தோ நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது.